பழனிசெட்டிபட்டியில் ஒரு கபரெட் மாலை

1

என் மகள் பழனிசெட்டிபட்டியில் கேபரே நடத்தப் போகிறாள் என்ற செய்தி வந்தபோது நான் ஜெர்மனியில், பிரேமன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

செய்தி என்றால் ஒரு புகைப்படம். கயல்தான் அனுப்பியிருந்தாள். மின்கம்பத்தில் கட்டிய ஒரு ஃபிளெக்ஸ். அதில் இறகுத் தொப்பி வைத்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி நிற்கும் வெள்ளைக்காரி. அவளுக்குப் பக்கத்தில், வட்டத்துக்குள், என் மகளின் முகம். மேலே கொட்டை எழுத்தில்: ‘அம்மாக்கள், மற்ற பெண்கள் – மாபெரும் கேபரே மாலை.’ கீழே கல்யாண மண்டபத்தின் பெயரும் நாளும். அதற்கும் கீழே கயல் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாக அடுக்கியிருந்தாள். என் கையிலிருந்த கத்தி தொட்டிக்குள் விழுந்தது.

அவள் கடையில் எழுதிக் கொடுத்தது வேறு. ‘அம்மாக்களுக்கும் மற்ற பெண்களுக்கும் ஒரு கபரெட் மாலை.’ ஜெர்மன் மொழியில் கபரெட் என்றால் ஒரு சின்ன அரங்கு, ஒரு வாத்தியம், பாட்டும் பேச்சும் நையாண்டியும் கலந்த ஒரு மாலைப்பொழுது. தலை நரைத்தவர்களெல்லாம் டிக்கெட் எடுத்து வந்து சிரிப்பார்கள், கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நம் ஊரில் அந்தச் சொல் பழைய படங்களில் வில்லனின் மதுக்கூடத்தில் ஆடும் பெண்ணோடு வந்து இறங்கியது. இறங்கியது இறங்கியபடியே தங்கிவிட்டது. ஃபிளெக்ஸ் கடைக்காரர் எழுத்துப் பிழை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறார். இடம் போதவில்லை என்று ‘க்கும்’களை எடுத்திருக்கிறார். வெள்ளைக்காரியை இணையத்தில் தேடிப் பிடித்திருக்கிறார். ‘மாபெரும்’ அவருடைய அன்பளிப்பு.

இந்த ஊருக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்தாறு வருடம். இங்கே பல விஷயங்களுக்குப் பயந்திருக்கிறேன். பயம் வரும்போதெல்லாம் மனதுக்குள் நான் பிறந்த சின்னமனூருக்கு ஓடிப்போய்விடுவது என் வழக்கம். அன்று ஓடுவதற்கு இடமில்லை. பயமே அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்திருந்தது.

2

நியாயமாக நான்தான் ஊருக்குப் போயிருக்க வேண்டும். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சின்னமனூரில் தெவசம். ஆனால் என் குடியிருப்பு அனுமதி அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. “புது அட்டை கைக்கு வரும் முன் பயணம் போனால் திரும்பி வரும்போது கேள்வி வரலாம்” என்று அலுவலகத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சொன்னாள். “வரலாமா, வருமா?” என்று கேட்டேன். “வரலாம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து நான் டிக்கெட் எடுக்கவில்லை.

“நான் போறன் அம்மா” என்றாள் கயல். அவள் இங்கே பிறந்தவள், இந்த நாட்டுக் குடிமகள். வயது இருபத்து நாலு. இரண்டு தோழிகளோடு சேர்ந்து சின்ன அரங்குகளில் கபரெட் பாடுகிறாள். மார்பில் மாட்டிக்கொண்டு ஆர்மோனியம்போல வாசிக்கும் சிறிய அக்கார்டியன் ஒன்று வைத்திருக்கிறாள். அதையும் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினாள். தெவசத்துக்கு அக்கார்டியன் எதற்கு என்று நான் கேட்டேன். சிரித்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் சில வருடங்களாகவே அப்படித்தான். நான் கேட்பேன், அவள் சிரிப்பாள்.

அங்கே அவள் தங்கியது என் அக்கா வீட்டில். பேச்சியம்மாள் எனக்கு ஆறு வயது மூத்தவள். தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் மாடி ஒன்றில் தையல் கடை போட்டிருக்கிறாள். ஐந்தாறு பெண்கள் அவளிடம் வேலை செய்கிறார்கள். குழந்தை இல்லை என்று சொல்லி அத்தான் அவளை விட்டுவிட்டுப் போய் கம்பத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவள் தனிதான். அக்காவுக்குக் கூட்டம் ஆகாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மொய் வைத்துவிட்டு வந்துவிடுவாள். வளைகாப்புக்கு யாரும் கூப்பிடவும் மாட்டார்கள், அவளும் போகமாட்டாள்.

கயலின் தமிழ் பாதி என்னுடையது. மீதி, சனிக்கிழமைதோறும் இங்கே தமிழ் வகுப்பு நடத்திய யாழ்ப்பாணத்து டீச்சருடையது. அதனால் அவள் பேசமாட்டாள், கதைப்பாள். பழனிசெட்டிபட்டியில் அவள் வாயைத் திறந்ததும் “சிலோன் பிள்ளையா?” என்று கேட்டிருக்கிறார்கள். “எங்க முத்துலட்சுமி மகதேன். பேச்சு மட்டும் கப்பல்ல சுத்தி வந்துருச்சு” என்றாளாம் அக்கா.

தெவசம் முடிந்து ஒரு வாரம் கயல் தையல் மாடியிலேயே உட்கார்ந்திருந்தாள். மெஷின் ஓட்டிக்கொண்டே அந்தப் பெண்கள் பேசுவதைக் கேட்டாள். தங்கள் அம்மாக்களைப் பற்றி, மாமியார்களைப் பற்றி, மேகமலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிய ஒருத்தியின் சித்தியைப் பற்றி. கேட்டதையெல்லாம் பாட்டாக்கி அவர்களிடமே பாடிக் காட்டினாள். “இத மாடியில வச்சிக்கிட்டு என்ன செய்ய, மண்டபத்துல பாடு கண்ணு” என்று அவர்கள் சொல்ல, அக்கா மண்டபம் பேசினாள். வீட்டுப் பெண்கள் மாலையில் வந்து கேட்டுவிட்டு, டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுப் போவது. அவ்வளவுதான் திட்டம். அதற்குத்தான் அந்த ஃபிளெக்ஸ்.

3

நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்று சொல்ல வேண்டும்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது சின்னமனூரில் திருவிழாவுக்கு ரெக்கார்டு டான்ஸ் வைத்தார்கள். அறுப்பு முடிந்த வயலில் மேடை. பெண்கள் பார்க்கப் போகக் கூடாது. ஆனாலும் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு வாழைத் தோட்டத்து ஓரமாகப் போய் நின்றாள். பொழுது சாய்கிற நேரம். மேடையில் ஜிகினாப் பாவாடை கட்டிய மூன்று பெண்கள் ஆடினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு கரண்ட் போனது. போனதா, யாராவது பிடுங்கினார்களா என்று தெரியாது. ஒரு கூச்சல். ஆண்கள் மேடையில் ஏறினார்கள். பலகை முறிகிற சத்தம் கேட்டது.

நாங்கள் வாழைக்குள் புகுந்து ஓடினோம். தண்ணீரில்லாத வாய்க்காலில் ஒருத்தி குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். ஆடியவர்களில் ஒருத்தி. மேல்சட்டை தோளில் கிழிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் கத்தவில்லை. தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு, மறுகையால் எங்களைக் கும்பிட்டாள். கும்பிட இரண்டு கை வேண்டும், ஆனால் அவள் ஒரு கையால்தான் கும்பிட்டாள்.

அக்கா தன் தாவணியை உருவி அவளிடம் கொடுத்தாள். போர்த்திக்கொள்ளச் சொன்னாள். பிறகு வரப்பு வழியாகக் கம்பம் ரோடு வரை முன்னால் நடந்து, வந்த பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டாள். வீட்டில் தாவணி எங்கே என்று அப்பா பெல்ட்டால் அடித்தார். அக்கா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மேடையில் ஒரு பெண் நின்றால் எனக்கு இன்றைக்கும் அந்தக் கைதான் கண்ணில் வருகிறது. கயல் இங்கே முதல்முறை மேடை ஏறியபோது கடைசி வரிசையில் உட்கார்ந்து, வெளியே போகும் வழி எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டவள் நான்.

4

ஃபிளெக்ஸ் படம் வந்த அன்றே அக்காவைக் கூப்பிட்டேன்.

“எல்லாத்தையும் அவுத்தாச்சுடி” என்றாள். “ஆனா அதுக்குள்ள போட்டோ எடுத்துட்டாக. ஊர்பூரா போன்ல சுத்துது.”

“நிப்பாட்டுக்கா.”

“நான் நிப்பாட்டிருவேன். ஓம் மக நிப்பாட்டணுமே.”

மறுநாள் மண்டபத்து மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால்தான் சாவி என்று சொல்லியிருக்கிறார். அக்கா போனாள். என்ன நிகழ்ச்சி என்று கேட்டிருக்கிறார்கள். பாட்டு என்றாள். என்ன பாட்டு என்றார்கள். அம்மா பாட்டு என்றாள். வாங்கி வைத்துக்கொண்டார்களாம். “நேரம் இருந்தா வந்து பாக்குறோம்னு சொன்னாக” என்றாள். நேரம் இருந்தால் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் இரண்டு நாள் தவித்தேன்.

அதற்கடுத்த நாள் தெரியாத நம்பரிலிருந்து ஒருவன் அக்காவிடம் பேசியிருக்கிறான். குரலில் கோபமில்லையாம், சிரிப்பாம். “வெளிநாட்டுப் பிள்ளைய வச்சு ஆட்டம் போடுறீகளாமே. நாங்களும் வாரோம், முன் வரிசையப் போட்டு வைங்க.” அக்கா இதை என்னிடம் சொல்லவில்லை. தையல் மாடியில் வேலை செய்யும் செல்வி சொல்லித்தான் தெரிந்தது.

கயலைக் கூப்பிட்டு அழுதேன். கோபப்பட்டேன். அவளுக்கு எது பலிக்கும் என்று எனக்குத் தெரியாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

“நான் ஆட வரேல்லை அம்மா. பாடப் போறன், கொஞ்சம் கதைக்கப் போறன். அது ஒரு சொல்லுப் பிழை. வந்து பாத்தா விளங்கிடும்.”

“வந்து பாக்குறவகளப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?”

“நீங்க எதுக்குத்தான் பயப்படேல்லை?” என்றாள். “பனிக்குப் பயம். போன் அடிச்சாப் பயம். இப்ப உங்கட சொந்த ஊருக்கும் பயமா?”

நான் போனை வைத்துவிட்டேன். என் கணவர் பக்கத்தில் இருந்தார். துறைமுகக் கிடங்கில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். “ஒண்ணும் ஆகாது” என்றார். பிறகு பார்த்தால் அவரும் சாப்பிடாமல் எழுந்து போயிருந்தார்.

5

அங்கே மாலை ஆறு மணி என்றால் இங்கே மதியம் தாண்டி, முதியோர் இல்லத்தில் காபியும் கேக்கும் கொடுக்கத் தயாராகும் நேரம். விடுப்புக் கேட்டிருந்தேன், கிடைக்கவில்லை. செல்வி வீடியோ அழைப்பில் வந்தாள். என் போனைப் பால் பாத்திரத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் கேக்கை வெட்டினேன்.

முதலில் மண்டபத்தின் கூரை தெரிந்தது. பிறகு நாற்காலிகள். நாற்காலி முழுக்க ஆண்கள். வெள்ளைச் சட்டைகள், காலரில் சொருகிய கைக்குட்டைகள், நாற்காலி முதுகில் போட்ட கைகள். ஒரு பெண் முகம்கூட இல்லை.

“பொம்பளைக எங்க செல்வி?”

“வாசல்லயே நிக்கிறாக அக்கா. உள்ள வர மாட்டேங்குறாக. சில பேரு திரும்பிப் போயிட்டாக.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “தண்ணியப் போட்டுட்டு வந்திருக்காய்ங்க.”

விசில் சத்தம். ‘ஆரம்பிங்கப்பா’ என்று யாரோ. மேடைத் திரை ஓரத்தில் கயலின் அக்கார்டியன் பட்டை தெரிந்தது. கறுப்புச் சுடிதார் போட்டிருந்தாள். முகம் தெரியவில்லை. அப்புறம் படம் நின்றது. ஒரு ஆள் பாதி எழுந்த நிலையில் உறைந்து நின்றான். அழைப்பு அறுந்துபோனது.

திரும்பக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அக்காவுக்குக் கூப்பிட்டேன். கயலுக்குக் கூப்பிட்டேன். தேனியில் எனக்குத் தெரிந்த போலீஸ் யாரும் இல்லை. தெரிந்த வக்கீல் இல்லை. பழனிசெட்டிபட்டியில் எந்த மூலையில் அந்த மண்டபம் என்றுகூட எனக்குத் தெரியாது. நான் ஊரை விட்ட பிறகு கட்டியது. இருபத்தாறு வருடம் கழித்து எனக்கு ஊரில் ஆபத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

காபித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் மேற்பார்வையாளர் கேட்பாள், சொல்ல வேண்டி வரும். தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஜன்னலோரம் உட்காரும் கெர்டா அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். தொண்ணூறு வயதுக்காரி. என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

பயத்தில் எனக்கு ஜெர்மன் சரியாக வராது. “என் மகள்” என்றேன். “என் ஊரில். கபரெட்.”

கெர்டா அம்மாளின் முகம் மலர்ந்தது. “கபரெட்டா! எவ்வளவு அழகு!” என்று கையைத் தட்டினாள். பக்கத்து மேசைக்குச் சொன்னாள். அவர்கள் அடுத்த மேசைக்குச் சொன்னார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒருத்தி தன் இளவயதுப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டாள். நாலைந்து பேர் கரண்டியால் கோப்பையில் தாளம் போட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்து வாழ்த்துச் சொன்னார்கள்.

நான் நடுவில் காபிக் கூஜாவோடு நின்றேன். ஒரே சொல்தான். இங்கே அதற்குக் கை தட்டுகிறார்கள். அங்கே அந்தச் சொல்லைப் பார்த்து வந்த ஆண்கள் நடுவில் என் பிள்ளை நிற்கிறாள். இவர்களிடம் அதை எப்படிச் சொல்வது? எந்த மொழியில் ஆரம்பிப்பது? நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டே காபி ஊற்றினேன். கெர்டா அம்மாளின் கோப்பை நிரம்பி, தட்டு நிரம்பி, மேசை விரிப்பில் வழிந்ததை அவள்தான் பார்த்துச் சொன்னாள்.

6

அந்த நேரத்தில் அங்கே நடந்ததை மறுநாள் செல்வியும் கயலும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அக்கா அதிகம் சொல்லவில்லை.

முன் வரிசைக்காரன் ஒருவன் எழுந்து மேடைப் படி வரை வந்து, “எங்கப்பா டான்ஸு?” என்று கேட்டிருக்கிறான். திரைக்குப் பின்னால் கயலுக்கு முதல்முறையாகக் கை கால் குளிர்ந்து போயிருக்கிறது. “பெரியம்மா, வாங்கோ, நாம போயிடுவம்” என்று அவள் அக்காவின் கையைப் பிடித்தாள். பின்வாசல் திறந்துதான் இருந்தது. செல்வி பயத்தில் போனைத் தரையில் போட்டுவிட்டாள். எனக்கு அழைப்பு அறுந்தது அதனால்தான்.

அக்கா கையை விடுவித்துக்கொண்டு மைக்குக்குப் போனாள். வாழ்க்கையில் மைக்கைத் தொட்டிராதவள். முதலில் அது கீச்சென்று கத்தியது. அவள் பின்னால் நகர்ந்து, மறுபடி முன்னால் வந்தாள்.

“வந்தவக எல்லாருக்கும் வணக்கம். எம் பேரு பேச்சியம்மா. இங்கன மாடியில ரவிக்கை தைக்கிறேன். இது அம்மாமாருக்கும் மத்த பொம்பளைகளுக்கும் வச்ச பாட்டு. ஆட்டம் கெடையாது. போர்டுல தப்பா அடிச்சுட்டாக. ஆம்பளைக இருக்கக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். இருங்க. ஆனா அவகவக வீட்டுப் பொம்பளை ஒருத்தியக் கூட்டியாந்து பக்கத்துல உக்கார வச்சுத்தேன் உக்காரணும். ஆத்தாவோ, பொண்டாட்டியோ, அக்கா தங்கச்சியோ. போயிக் கூட்டியாங்க. நான் காத்திருக்கேன்.”

கூட்டம் ஒரு கணம் புரியாமல் இருந்தது. பிறகு மேடைப் படியில் நின்றவன் கத்தினான். “பிள்ள பெக்காதவளுக்கு அம்மா விழா எதுக்கு?”

செல்வி சொன்னாள்: “அக்கா மூஞ்சி அப்படியே வெளுத்துருச்சு. போச்சு, அம்புட்டுத்தேன்னு நெனச்சேன்.”

அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அதனாலதேன் மத்த பொம்பளைகன்னு சேத்துப் போட்டிருக்கு தம்பி. அதுல நான் இருக்கேன்” என்றாள். பிறகு அவனைக் கூர்ந்து பார்த்து, “நீ மில் தெரு சரசு மகன்தான? ஆத்தாவுக்கு இப்ப மூட்டுவலி தேவலையா? அவகளையும் கூட்டிட்டு வா” என்றாள்.

அவன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வீசினான். அது அக்காவின் முழங்கையில் பட்டு, கயலின் காலடியில் போய் விழுந்தது. மண்டபம் எழுந்து நின்றது. எதுவும் நடந்துவிடலாம் என்று கயல் நினைத்த கணம் அதுதான். தன்னை அறியாமல் தன் வாயைப் பொத்திக்கொண்டதாக அவள் சொன்னபோது நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். வாய்க்கால் கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

அக்கா கீழே உட்காரவில்லை. முழங்கையையும் பார்க்கவில்லை. “காத்திருக்கேன்” என்று மறுபடி சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பின் வரிசையில் வயதான ஒருவர் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போனார். அவரைப் பார்த்து இன்னும் இருவர். ஆட்டம் இல்லை என்று தெரிந்ததும் சிலர் சலித்துக்கொண்டு போனார்கள். தங்கள் அம்மாவையும் பேர் சொல்லிக் கேட்டுவிடுவாளோ என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நாற்காலி வீசியவனை அவன் கூட்டாளிகளே இழுத்துக்கொண்டு போனார்கள். வாசலில் நின்ற பெண்கள் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, பிறகு ஒருத்தி பின் ஒருத்தியாக உள்ளே வந்து, இன்னும் சூடாக இருந்த அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

முதலில் எழுந்துபோன பெரியவர் தன் மனைவியைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். இன்னும் சிலரும் வந்தார்கள். வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு, அம்மாவுக்கு முன்னால் நடந்து. சரசு தனியாக வந்தாள், மகன் வரவில்லை. யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. நொண்டி நொண்டி நடந்து வந்து முன் வரிசையில் உட்கார்ந்து, மேடையைப் பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

கயல் பாட ஆரம்பித்தாள். முதல் பாட்டு பெரியம்மாவுக்கு. அதன் பல்லவி மட்டும் எனக்கு மனப்பாடம்:

“ஊர் வளைகாப்புக்கெல்லாம் ரவிக்கை தைச்ச கை,
ஒரு வளையல் போடத்தான் யாரும் கூப்பிடாத கை.”

இரண்டாவது முறை பாடும்போது சரசுதான் முதலில் அழுதாள் என்று செல்வி சொன்னாள்.

7

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. ஈரக்கையோடு எடுத்தேன். படத்தில் கயல் நின்றாள், முழுசாக. முன்னால் பெண்களின் தலைகள், மல்லிகைச் சரங்கள். கவிழ்த்துப்போட்ட பால் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

“கடைசிப் பாட்டு” என்று கயல் சொல்லிக்கொண்டிருந்தாள். “இது எங்கட அம்மாவுக்கு. அவ உங்கட ஊர்தான். உலகத்திலேயே பெரிய பயந்தாங்கொள்ளி.”

மண்டபம் சிரித்தது. அக்கார்டியன் கோமாளி நடப்பதுபோல ஒரு மெட்டைப் பிடித்தது.

“ஜன்னல் வச்ச கவரு வந்தா அம்மாவுக்குப் பயம்,
கவரு எதுவும் வரலையின்னா அதுக்கும் ஒரு பயம்.
படி தானா நகருங் கடையில் எல்லாரும் போறாங்க,
எங்கம்மா மட்டும் கீழ நின்னு சாமி கும்பிட்டாங்க.”

இதெல்லாம் உண்மை. இங்கே அரசாங்கக் கடிதங்கள் முகவரி தெரிகிற ஜன்னல் வைத்த கவரில்தான் வரும். நகரும் படிக்கட்டில் இன்றைக்கும் நான் ஏறுவதில்லை. அப்புறம் அவள் பாட்டை நிறுத்திவிட்டு ஒரு கதை சொன்னாள். வந்த புதிதில் நான் குடியிருப்பு அனுமதி அலுவலகத்தில் வரிசையில் நின்றது. கயல் அப்போது என் வயிற்றில். ‘என்னிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது’ என்று சொல்ல ‘அன்ட்ராக்’ என்ற சொல்லை வீட்டிலிருந்து உருப்போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு முன்னால் போனதும் வாயில் ‘அங்ஸ்ட்’ என்று வந்துவிட்டது. அதற்குப் பயம் என்று அர்த்தம். ‘என்னிடம் ஒரு பயம் இருக்கிறது’ என்று அரசாங்கத்திடம் சொல்லிவிட்டு, வாங்கிக்கொள்வார்கள் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். வீட்டில் இதை நாங்கள் சிரிப்பதற்காகச் சொல்லிக்கொள்வோம்.

மண்டபத்திலும் சிரித்தார்கள். ஆனால் கயல் அடுத்த வரியை மெதுவாகப் பாடினாள்.

“வாங்கிக்க யாருமில்லாம வச்சிக்கிட்டா அம்மா,
வளர்ந்து வந்த என் மேலதான் போர்த்திவிட்டா அம்மா.”

சிரிப்பு நின்றது. நானும் அதை முதல்முறையாகக் கேட்டேன். குற்றம் சொல்கிறாளா, நன்றி சொல்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள். முழங்கை வீங்கி மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். போடியிலிருந்து ஒரு பெண்கள் குழுவும் கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடமும் கயலைப் பாடக் கேட்டிருக்கிறார்கள். கயல் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள், அவ்வளவுதான். கம்பத்தில் அத்தான் குடும்பம் இருக்கிறது. மில் தெருக்காரன் இன்னும் ஊரில்தான் இருக்கிறான். அக்கா நடந்து போகும் பாதையில்தான் அவன் வீடு.

இதைப் பற்றியெல்லாம் நான் கேட்கும் முன்பே அக்கா வேறொன்று கேட்டாள்.

“ஏண்டி முத்து, அந்தப் பிள்ள பாடுனது மெய்யா?”

“எது?”

“நீ அங்கன அம்புட்டுப் பயந்துக்கிட்டுத்தேன் இருக்கியா? இருபத்தாறு வருசமா நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னுல்ல சொன்ன. நான் ஒன்னய மகாராணின்னு நெனச்சிட்டு இருந்தேன்.”

வழக்கம்போலச் சிரித்து மழுப்பப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

“ஆமாக்கா” என்றேன். “பயந்தேன்.”

“எனக்கும் பயம்டி” என்றாள். “அந்த மைக்கப் பிடிச்சேன்ல, கை நடுக்கம் இன்னும் நிக்கல. நேத்து முழுக்க ஊசியில நூல் கோக்க முடியல. செல்விதேன் கோத்துக் குடுத்தா. காலையில வாசத் தெளிக்கக் கதவத் தொறக்கவே யோசிச்சேன்.”

“அப்ப ஏன்கா போயி மைக்கப் பிடிச்ச?”

“தெரியல. ஒன் மக கை சில்லுன்னு இருந்துச்சு.”

போனில் தெருச் சத்தம் கேட்டது. ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துப் போனது. பிறகு தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

“சொல்லு” என்றாள் அக்கா. “இன்னும் என்னென்னத்துக்குப் பயம்?”

“வேலை நேரத்துல எதுக்குக்கா.”

“சும்மா சொல்லுடி. நான் தையல் அடிச்சிக்கிட்டே கேக்குறேன்.”

நான் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.